ஞாயிறு காலை, கையில் களைக்கொத்து: எங்கள் தெருமுனைப் பசுமை நிலத்துக்கு வேலை செய்ய வருபவர்கள் கேட்பவை

மடிப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் ஏழு கிரவுண்டு அளவில் ஒரு நிலம் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்துபோன மறுநாள் காலை, அதில் நின்ற பதினான்கு பெரிய மரங்களில் ஒன்பது வேரோடு சாய்ந்து கிடந்தன. அரிவாளும் கயிறுமாக அன்று கூடிய அக்கம்பக்கத்தார், வழியை மறித்த கிளைகளை அப்புறப்படுத்திவிட்டு வீட்டுக்குப் போனோம். அடுத்த ஞாயிறும் நான்கு பேர் வந்தார்கள். அன்றிலிருந்து இந்த வேலை நிற்கவில்லை. இயந்திரம் இல்லாமல், மருந்து தெளிக்காமல், கையாலேயே பார்த்துக்கொள்கிறோம். புதிதாக வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு ஒவ்வொரு முறையும் வேலைக்கு நடுவே அரைகுறையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

எனக்குத் தோட்ட வேலை எதுவுமே தெரியாது. வரலாமா?

தாராளமாக வரலாம். எங்களில் முக்கால்வாசிப் பேர் அடுக்குமாடியில் வளர்ந்தவர்கள், மண்வெட்டியை முதன்முதலில் இங்கேதான் பிடித்தார்கள். முதல் ஞாயிறு உங்களுக்கு ஒரே வேலைதான்: நடைபாதையில் விழுந்த சருகைக் கூட்டி, மரத்தடிகளில் கொண்டுபோய்ப் போடுவது. அதைச் செய்யும்போதே நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுவீர்கள். அடுத்த வாரம் மூன்று செடிகளை அடையாளம் காட்டுவோம்: பார்த்தீனியம், கோரை, தானாக முளைத்த வேப்பங்கன்று. முதலிரண்டையும் எடுக்க வேண்டும், மூன்றாவதை விட வேண்டும். இந்த மூன்றும் கண்ணில் பதிந்துவிட்டால் பாதி வேலை கற்றுக்கொண்டதாக அர்த்தம்.

எத்தனை மணிக்கு வர வேண்டும்?

ஞாயிறு காலை 6 மணி முதல் 8.30 வரை. சித்திரை, வைகாசியில் 5.30-க்கே தொடங்கி 7.30-க்குள் முடித்துவிடுவோம். கத்திரி வெயில் நாட்களில் எட்டு மணிக்கு மேல் யாரையும் குனிந்து வேலை செய்ய விடுவதில்லை. ஒரு மணி நேரம்தான் முடியும் என்றால் ஒரு மணி நேரம் வாருங்கள்.

என்னென்ன எடுத்து வர வேண்டும்?

முழுக்கால் சட்டை அல்லது சுடிதார், முழங்கையை மூடும் பழைய பருத்திச் சட்டை, விரல்களை மூடும் காலணி, தொப்பி அல்லது தலைத்துண்டு, ஒரு பாட்டில் தண்ணீர். செருப்போடு வராதீர்கள். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும், இது இரண்டு பேருக்கு நேர்ந்திருக்கிறது. களைக்கொத்து, மண்வெட்டி, கடப்பாரை, பூவாளி, மண் அள்ளும் பாண்டு, சாக்கு எல்லாம் நிலத்தின் மூலையில் உள்ள தகரக் கொட்டகையில் இருக்கின்றன. கையுறை மட்டும் உங்கள் அளவுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய கையுறையோடு களை பிடுங்கினால் வேர் அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

நிலம் யாருடையது? அனுமதி வாங்கியிருக்கிறீர்களா?

மாநகராட்சியுடையது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுகிறவர்கள், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அப்படி வந்த துண்டு இது. மடிப்பாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தபோது நிலமும் மாநகராட்சிக்குப் போனது. மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்து, பராமரிக்க எழுத்து மூலம் இசைவு வாங்கியிருக்கிறோம். அதன் நகல் கொட்டகையில் ஒட்டப்பட்டிருக்கிறது, யார் வந்து கேட்டாலும் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பராமரிக்க இசைவு என்பது மரம் வெட்ட இசைவு ஆகாது. பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். பெரிய கிளையைக் கழிக்க வேண்டுமானால்கூட மாநகராட்சிப் பூங்காத் துறைக்குச் சொல்லி, அவர்கள் வந்து பார்த்த பிறகுதான். காய்ந்த குச்சியை ஒடிப்பதோடு நம் அதிகாரம் முடிந்தது.

எங்களிடம் புல்வெட்டும் இயந்திரம் இருக்கிறது, தருகிறோம். ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

நன்றி சொல்லித்தான் மறுக்கிறோம். 2018 ஜனவரியில், மழை முடிந்து புல் இடுப்பளவு நின்றபோது, தோளில் மாட்டும் புல்வெட்டி ஒன்றை நாங்களே வாடகைக்கு எடுத்தோம். ஒன்றரை மணி நேரத்தில் நிலம் மொட்டையடித்தது போல் ஆயிற்று. எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில வாரங்கள் கழித்து, அதற்கு முந்தைய ஆவணியில் நட்ட மகிழங்கன்றுகள் ஒவ்வொன்றாக வாடத் தொடங்கின. தண்ணீர் ஊற்றினோம், எரு போட்டோம். பிறகுதான் ஒருவர் மண்டியிட்டு அடித்தண்டைப் பார்த்தார். இயந்திரத்தின் சுழலும் நரம்பு, பட்டையை வளையமாக உரித்திருந்தது. இலை ஆக்குகிற உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாகத்தான். சுற்றிலும் ஒரு விரற்கடைப் பட்டை போய்விட்டால், மேலே பச்சையாக நின்றுகொண்டே வேர் பட்டினியில் செத்துப்போகும். பதினொன்று நட்டதில் ஏழு போயின. ஆடு மாடு கடிக்காமல் தப்பியவை நம் கையால் போனதை இன்றும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. குனிந்து கையால் எடுக்கும்போது கண் தரைக்கு அருகில் இருக்கிறது. குருவியும் வௌவாலும் போட்ட எச்சத்திலிருந்து வேம்பு, நாவல், அத்தி எல்லாம் தாமாக முளைக்கும். கேட்டுக்கு வலப்புறம் இரண்டாள் உயரம் நிற்கிற நாவலை யாரும் நடவில்லை. கீழாநெல்லிக்கு நடுவே நான்கு இலையோடு நின்றதை ஒரு பள்ளி மாணவி பார்த்து, பக்கத்தில் குச்சி நட்டு, சிவப்பு நூல் கட்டினாள். இயந்திரத்தின் முன் அந்த நான்கு இலையும் புல்லும் ஒன்றுதான்.

களைக்கொல்லி தெளித்தால் ஒரே நாளில் முடிந்துவிடுமே?

முடியும். அதோடு வேறு பலவும் முடியும். பக்கத்து வீடுகளில் கிணறும் ஆழ்குழாயும் இருக்கின்றன, மாலையில் குழந்தைகள் இதே புல்லில் உருளுகிறார்கள். பரவலாக விற்கப்படும் கிளைபோசேட்டை, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் வைத்தது. 2022-இல் ஒன்றிய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலம் மட்டுமே அதைத் தெளிக்கலாம் என்று கட்டுப்படுத்தியது. எங்களுக்கு இதில் விவாதம் இல்லை. இந்த நிலத்துக்குள் அது வராது.

எது களை, எது செடி என்று எப்படிப் பிரிப்பது?

எங்கள் கணக்கு இது: மற்றவற்றை வாழவிடாமல் தான் மட்டும் பரவுவது களை. தானாக வந்ததெல்லாம் களை ஆகிவிடாது.

பார்த்தீனியம் முதல் எதிரி. கேரட் இலை போன்ற இலை, வெள்ளைப் பொடிப் பூ. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது, ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். பூப்பதற்கு முன், மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில், வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை கட்டாயம், முகத்துக்குத் துணியும் கட்டிக்கொள்ளுங்கள். தோல் அரிப்போ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரவே வேண்டாம், உங்களுக்கு வேறு வேலை தருகிறோம். பூத்துவிட்ட செடியை எருக்குழியில் போடாதீர்கள்.

கோரை பொறுமையைச் சோதிக்கும். மேலே இழுத்தால் புல் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் இருக்கும், பத்து நாளில் மறுபடி தலைகாட்டும். களைக்கொத்தைச் சாய்வாக இறக்கி, மண்ணோடு பெயர்த்து, கறுப்பு மணிபோல் கோத்திருக்கும் கிழங்குகளை விரலால் பொறுக்க வேண்டும். எத்தனை பொறுக்கினாலும் முழுவதும் ஒழியாது. ஆனால் கோரைக்கு நிழல் ஆகாது. மேலே மரம் குடை விரித்த இடத்தில் அது தானாக மெலிந்துவிடுகிறது. எங்கள் நிலத்தின் வடக்கு ஓரத்தில் ஆறு ஆண்டுகள் பொறுக்கிய கோரையை, கடைசியில் புங்கமரத்தின் நிழல்தான் ஒழித்தது.

சீமைக்கருவேலம் கன்றாக இருக்கும்போதே போக வேண்டும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நான்காகத் துளிர்க்கும், வேரோடு பெயர்த்தால்தான் சாகும்.

குப்பைமேனி, தும்பை, மூக்கிரட்டை, நாயுருவி ஆகியவற்றை நடைபாதையிலும் கன்றுகளின் பாத்தியிலும் மட்டும் எடுப்போம். தெற்கு மூலை முழுவதும் அவற்றுக்கே விட்டிருக்கிறோம். தும்பைப் பூவைச் சுற்றி வண்ணத்துப்பூச்சிகள் மொய்ப்பதை ஒரு மார்கழிக் காலையில் பார்த்தால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள். எருக்கையும் தொடாதீர்கள், வெந்தய வரியன் என்கிற ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி அதில்தான் முட்டையிடுகிறது.

சந்தேகம் வந்தால் பிடுங்காதீர்கள், கூப்பிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பிடுங்கலாம், பிடுங்கியதை ஒட்ட முடியாது.

தோண்டினால் மண்ணைவிடச் செங்கல்லும் டைல்ஸ் துண்டும்தான் அதிகம் வருகிறது. இதில் எப்படிச் செடி வளரும்?

தாழ்ந்த இடமென்றால் கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்குவது நம் ஊர்ப் பழக்கம். ரப்பீஸ் என்பார்கள். இங்கேயும் ஒன்றரை அடி ஆழம் வரை அதுதான். சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறிவிடுகிறது, கன்றுகளின் இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடம் மஞ்சளிக்கும். அதனால் கன்று நடும் இடத்தில் மட்டும் இரண்டரை அடி நீளம், அகலம், ஆழத்துக்குக் குழி எடுத்து, கல்லைச் சலித்து அப்புறப்படுத்தி, மட்கு உரமும் நல்ல மண்ணும் கலந்து நிரப்புகிறோம். ஒரு குழிக்கு இரண்டு பேர், ஒரு காலை முழுக்க. பொறுக்கிய செங்கல்லில் நல்லவற்றைப் பாத்தி ஓரத்துக்கு வைத்துவிடுகிறோம். இரவில் வண்டி கொண்டுவந்து புதிதாகக் கொட்டுவதைப் பார்த்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.

சருகை ஏன் மொத்தமாகக் கூட்டி அள்ளிப் போடுவதில்லை? பார்க்க அசுத்தமாக இருக்கிறதே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

மாசி, பங்குனியில் வேம்பும் புங்கையும் இலை உதிர்க்கும். வெயில் ஏறுவதற்குச் சற்று முன் மரமே தன் காலடியில் போர்வை விரித்துக்கொள்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். நான்கு விரற்கடைக் கனத்தில் சருகு மூடாக்கு போட்ட பாத்தியையும், வெறும் மண் பாத்தியையும் ஒரு மே மாதக் காலையில் விரல் விட்டுப் பாருங்கள். ஒன்று குளிர்ந்து ஈரமாக இருக்கும், மற்றது ஓடுபோல் இறுகியிருக்கும். மூடாக்கின் கீழ் மண்புழு மேலே வரும், களை விதைக்கு வெளிச்சம் கிடைக்காது, ஊற்றிய தண்ணீர் இரட்டிப்பு நாள் நிற்கும். அடித்தண்டில் மட்டும் ஒட்டக் கூடாது. ஒரு சாண் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பட்டை அழுகும்.

பிறகு, பறவை. ஆறுமணிக்குருவி என்று ஒன்று உண்டு. பச்சை முதுகு, பழுப்பு மார்பு, வாலடியில் சிவப்பு. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். அது இரை தேடுவது சருகைப் புரட்டித்தான். கிண்டி தேசியப் பூங்காவில் பார்ப்பவர்கள் உண்டு. எங்கள் ஏழு கிரவுண்டில் ஓர் அக்டோபர் காலையில், புங்கமரத்தடிச் சருகில், அது தத்தித் தத்திப் புழு பொறுக்கியதை ஐந்து பேர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு விடாமல் பார்த்தோம். பெருக்கிப் பளிச்சென்று வைத்திருந்தால் அது எங்கே இறங்கியிருக்கும்?

நடைபாதை, வடிகால் வாய், மின்பெட்டியின் அருகு ஆகிய இடங்களில் சருகு இருக்கக் கூடாது. மற்ற இடத்தில் இருக்கட்டும். எரிப்பது மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. பொது இடத்தில் குப்பை எரிப்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் தடை செய்தன.

சருகு சேர்ந்தால் கொசு வராதா?

டெங்கு பரப்பும் கொசுவுக்கு வேண்டியது தேங்கிய தண்ணீர். சருகுக்குள் நீர் தேங்காது, இறங்கிவிடும். தேங்காய்த் தொட்டி, தேநீர்க் கோப்பை, பழைய டயர், மரப்பொந்து, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில்தான் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் ஐப்பசியில் ஒவ்வொரு ஞாயிறும் முதல் பதினைந்து நிமிடம், எல்லோரும் நிலத்தைச் சுற்றி நீர் நிற்கும் பொருட்களைக் கவிழ்த்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குகிறோம்.

எருக்குழியில் வீட்டுக் காய்கறிக் கழிவைப் போடலாமா?

பச்சைக் காய்கறித் தோல், பூ, காப்பித்தூள் போடலாம். சமைத்த சோறு, எண்ணெய்ப் பண்டம், மீன், இறைச்சி வேண்டாம், எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். மூன்று பங்கு சருகுக்கு ஒரு பங்கு பச்சைக் கழிவு, மேலே சாணிக்கரைசல் அல்லது புளித்த மோர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டினால் நான்கைந்து மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு உரம் கிடைக்கும். அழுகிய நாற்றம் அடித்தால் ஈரம் கூடிவிட்டது, சருகு சேருங்கள்.

தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்?

2019 ஜூனில் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்காகக் காத்திருந்த நாட்களில், இந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதே குற்றமாகத் தோன்றியது. அப்போது தெருவின் பதினெட்டு வீடுகள் அரிசி கழுவிய நீரையும் காய் கழுவிய நீரையும் வாளியில் கொண்டுவந்து கொடுத்தன. மூடாக்கு போட்டிருந்த கன்றுகள் பெரும்பாலும் பிழைத்தன.

இப்போது மழைநீர் இறங்க இரண்டு குழிகள் இருக்கின்றன, கிணற்றில் ஓரளவு நீர் நிற்கிறது. முதல் இரண்டு கோடையிலும் ஒரு கன்றுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை பத்து லிட்டர், மெதுவாக. தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது பாசம்தான், ஆனால் வேர் மேலேயே தங்கிவிடும். ஆழமாக நனைத்துவிட்டு இரண்டு நாள் காயவிட்டால் வேர் நீரைத் தேடிக் கீழே இறங்கும். புயல் காற்றில் அந்த ஆழம்தான் மரத்தைப் பிடித்து நிறுத்தும்.

எங்கள் அலுவலகம் சார்பில் நூறு கன்றுகள் நட விரும்புகிறோம். இடம் தருவீர்களா?

உங்கள் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த நிலத்தில் இனி நூறு கன்றுக்கு இடம் கிடையாது. இருந்தாலும் தரமாட்டோம்.

நடுவது ஒரு காலை வேலை. அதற்குப் பிறகு குறைந்தது மூன்று ஆண்டுகள் களை எடுக்க வேண்டும், இரண்டு கோடைகள் தண்ணீர் சுமக்க வேண்டும், முட்டுக்கொம்பு மாற்ற வேண்டும், கொம்பில் கட்டிய கயிறு தண்டை இறுக்காமல் தளர்த்திக் கட்ட வேண்டும், இரும்புக் கூண்டு பட்டைக்குள் புதைவதற்கு முன் கழற்ற வேண்டும். நம் நகரச் சாலைகளில் கூண்டு மட்டும் நிற்கிற இடங்களை எண்ணிப் பாருங்கள். அவை ஒவ்வொன்றிலும் ஒரு நாள் யாரோ ஒரு கன்று நட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அடர்த்தியாக நடும் மியாவாக்கி முறையிலும் இதே கதைதான், முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் களை எடுப்பதுதான் அதன் உயிர்.

அதனால் அலுவலகக் குழுக்களிடம் நாங்கள் கேட்பது வேறு. நூறு பேர் ஒரு நாள் வருவதற்குப் பதில், நான்கு பேர் மாதம் ஒரு ஞாயிறு, ஒரு வருடம் வாருங்கள். ஏற்கெனவே நிற்கிற இருபத்திரண்டு கன்றுகளில் ஐந்தை உங்கள் பொறுப்பில் தருகிறோம். இப்படிச் சொன்னதும் திரும்பிப் போனவர்கள் உண்டு. ஒரு குழு மட்டும் இரண்டாண்டுகளாக வருகிறது. அவர்கள் பார்க்கிற ஐந்தும் இப்போது என் தலைக்கு மேல் நிற்கின்றன.

அப்படியானால் புதிதாக நடுவதே இல்லையா? எந்த மரங்களை நடுகிறீர்கள்?

செத்ததற்கு மாற்றாக நடுகிறோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள், விதை போடுவது ஆடியில். கன்று நடுவதை ஆவணி, புரட்டாசிக்கு வைத்துக்கொள்கிறோம், வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். வர்தாவில் இங்கே சாய்ந்தவை பெரும்பாலும் குல்மோகர், தூங்குமூஞ்சி, இயல்வாகை. அழகும் நிழலும் தந்தவைதான், அவற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மறுபடி நடும்போது புங்கை, பூவரசு, மகிழம், இலுப்பை, நீர்மருது, புன்னை, சரக்கொன்றை என்று இந்தக் கரையோரக் காற்றுக்குப் பழகியவற்றைத் தேர்ந்தெடுத்தோம். புன்னை மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தல மரம், கடல் காற்றை நன்கு தாங்கும்.

வளர்ந்தபின் எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் கோட்டூர்புரம் மரப்பூங்காவுக்குப் போய்வாருங்கள். அடையாற்றங்கரையில் குப்பை கொட்டப்பட்டுக் கிடந்த இடத்தை, நிழல் என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் 2006 முதல் கையால் பராமரித்து வளர்த்தது. எங்களுக்குத் துணிவு வந்தது அதைப் பார்த்துத்தான்.

பாம்பு இருக்குமா?

இருக்கும். பெரும்பாலும் சாரை, எலியைத் தின்று நமக்கு உதவுவது. நல்ல பாம்பை இரண்டு முறை பார்த்திருக்கிறோம். செங்கல் குவியல், விறகு, அடர்ந்த புல் ஆகியவற்றில் கை வைக்கும் முன் நீளக் குச்சியால் தட்டி, ஒரு நிமிடம் நில்லுங்கள். பார்த்தால் அடிக்காதீர்கள். எல்லோரும் விலகி வழிவிட்டால் போய்விடும், போகாவிட்டால் வனத்துறைக்குச் சொல்வோம்.

கடித்துவிட்டால்: அசையாமல் உட்காருங்கள், மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போகலாம். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். நஞ்சுமுறிவு மருந்து ஒன்றுதான் சிகிச்சை. அந்த மருந்து செய்வதற்கான நஞ்சை எடுத்துத் தருகிறவர்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர். பாம்பை அடிக்க ஓங்குகிற கையை இந்தச் செய்தி சற்று இறக்கும் என்று நம்புகிறேன்.

வேறென்ன ஆபத்து?

கண்ணாடிச் சில்லு, துருப்பிடித்த கம்பி. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் காலில் புண்ணோடு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். ஆப்பிரிக்க நத்தை மழையில் கூட்டமாகக் கிளம்பும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. கம்பளிப்பூச்சி மயிர் பட்டால் தேய்க்காமல் ஒட்டுநாடாவால் ஒற்றி எடுங்கள். வெயிலில் தலை சுற்றினால் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். ஏழரை மணிக்கு உப்புப் போட்ட மோர் வரும், எல்லோரும் குடித்தாக வேண்டும்.

நாம் இலவசமாகச் செய்தால், சம்பளத்துக்கு இந்த வேலை செய்கிறவர்களின் பிழைப்பு என்ன ஆகும்?

இதை யாராவது கேட்டால் எனக்கு மனம் நிறைகிறது. இந்த நிலத்துக்கு ஒப்பந்தத்தின் கீழ் ஓர் அம்மா வேலைக்கு வருகிறார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், சிறு வயதிலிருந்து களை எடுத்தவர். களைக்கொத்தை மணிக்கட்டால் ஆட்டாமல் முழங்கையால் இறக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம்.

தொடக்கத்தில் ஒரு தவறு செய்தோம். நாங்கள் ஞாயிறு முழுவதையும் கூட்டிப் பெருக்கிவிட, இங்கே ஆள் தேவையில்லை என்று ஒப்பந்ததாரர் அவரை வேறு இடத்துக்கு மாற்றப் பார்த்தார். அன்றே மண்டல அலுவலகத்துக்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டு எழுதினோம்: இவர் இல்லாமல் எங்களால் இதைப் பராமரிக்க முடியாது. அது உண்மையும்கூட. அதன் பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டோம். தினப்படிக் கூட்டுதல், தண்ணீர், கேட்டைத் திறந்து பூட்டுதல் அவருடையது. கோரை பொறுக்குதல், குழி எடுத்தல், எருக்குழி புரட்டுதல், மூடாக்கு என்று அவருடைய நேரத்தில் அடங்காதவை நம்முடையவை. எந்தக் கன்றை எடுப்பது, எதை விடுவது என்பதில் அவர் சொல்வதே முடிவு. அவருக்குச் சம்பளம் தாமதமானபோதும் நாங்கள்தான் எழுதினோம். தன்னார்வலர் இருக்கிறார்கள் என்பதைக் காரணம் காட்டி ஒருவருடைய கூலி குறையுமானால், நாங்கள் அன்றே நிறுத்திவிடுவோம்.

குழந்தைகளை அழைத்து வரலாமா? என் தந்தைக்கு எழுபத்தைந்து வயது, குனிய முடியாது.

இருவரும் வரட்டும். குழந்தைகளுக்குச் சருகு சுமப்பது, பூவாளி, விதை பொறுக்குவது. அரிவாள், கடப்பாரை பக்கம் விடுவதில்லை. பெரியவர்களுக்கு நாற்காலி போட்டு விதை பிரிப்பது, பை நிரப்புவது. ஊரில் பயிர் செய்த பெரியவர்கள் வந்தால் நாங்கள் கேட்டுக் கற்றுக்கொள்வது ஏராளம்.

புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வீர்கள்?

முந்தைய நாள் மட்டும் வேலை. முட்டுக்கொம்பின் கட்டைச் சரிபார்த்து, வடிகால் வாயைத் திறந்துவிட்டு, கொட்டகையைப் பூட்டிவிடுவோம். காற்று அடிக்கும்போது யாரும் உள்ளே போகக் கூடாது. மறுநாள் வந்தாலும், மின்கம்பி அறுந்து கிடக்கிறதா என்று வெளியே நின்று பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும். கிடந்தால் மின்னகம் 94987 94987. சாய்ந்த இளங்கன்றுகளை இரண்டு நாளுக்குள் வேரில் ஈரம் காயாமல் நிமிர்த்தி, மண் அணைத்து, மூன்று பக்கமும் கொம்பு கட்டினால் பெரும்பாலும் பிழைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் வடிந்த பிறகு அப்படி ஆறு கன்றுகளை நிமிர்த்தினோம். ஐந்து நிற்கின்றன.

நான்கைந்து வாரம் வந்தேன், பிறகு வர முடியவில்லை. மறுபடி வரக் கூச்சமாக இருக்கிறது.

யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தவர் ஒருவர், தான் நட்ட பூவரசின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் களைக்கொத்தை எடுத்துக்கொண்டார். நாங்களும் எதுவும் பேசவில்லை.

எங்கள் பகுதியிலும் இப்படி ஓர் இடம் பாழாகக் கிடக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் அது யாருடைய நிலம் என்று மண்டல அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். அடுத்த மூன்று மாதம் எதையும் நடாதீர்கள். வாரம் ஒருமுறை போய்க் குப்பையை மட்டும் பொறுக்குங்கள், தண்ணீர் எங்கே நிற்கிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, என்ன தானாக முளைக்கிறது, யார் அந்த வழியாக நடக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதமும் உங்களோடு தொடர்ந்து வந்தவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரால் பார்த்துக்கொள்ள முடிகிற அளவு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நான்கு கன்று என்பது எங்கள் அளவு. மூன்று பேர் என்றால் பன்னிரண்டு. மீதி இடத்தில் புல் இருந்துவிட்டுப் போகட்டும். களைக்கொத்து வேண்டுமானால் எங்களிடம் கூடுதலாக நான்கு இருக்கின்றன, எடுத்துப் போய்ப் பயன்படுத்திவிட்டுத் தாருங்கள்.

முதல் நாள் வரும்போது யாரைப் பார்க்க வேண்டும்?

கேட்டுக்குள் நுழைந்ததும் இடப்புறம் பெரிய புங்கமரம். அதன் அடியில் யார் குனிந்திருந்தாலும் அவரிடம் சொல்லுங்கள். ஆறு மணிக்கு முன் வந்துவிட்டால், சாவி எதிரில் உள்ள தேநீர்க் கடையில் இருக்கும். கேட்டின் தாழ் சற்று இறுக்கமாக இருக்கும், மேலே தூக்கித் திறக்க வேண்டும்.